கழற்றுவதற்கு முன்: மெக்கானிக் ஆக விரும்பும் பிள்ளைகளுக்குச் சில குறிப்புகள்

மாதேஸ்வரன் மலைக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே, காவிரியை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது கோபிநத்தம். 1997 வரை மைசூர் மாவட்டம், இப்போது சாமராஜநகர் மாவட்டம். ஊரில் பேச்சு தமிழ்; அரசாங்கம் கன்னடம். அங்கே ஒரு மொபெட் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதுதான் நமக்கு வேண்டியது. சாமான் வாங்க ஒரு பக்கம் கொளத்தூர், மேட்டூர் போக வேண்டும். இன்னொரு பக்கம் மலையேறி இறங்கி ஹனூர், கொள்ளேகால் போக வேண்டும். தப்பான சாமான் வாங்கி வந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. பெங்களூரு ஷோரூமில் ஒன்றுக்கு மூன்று சாமானை மாற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். இங்கே முதலில் கண்டுபிடிக்க வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும். தொழில் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கட்சி.

பட்டறையில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கும், வீட்டில் ஒரு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் குறிப்புகள் இவை.

1. ஸ்பேனரை எடுக்கும் முன் வாயைத் திறந்து கேளுங்கள். எப்போது இந்தக் கோளாறு வருகிறது? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? மழை பெய்த அன்றா? கடைசியாக எங்கே பெட்ரோல் போட்டீர்கள்? கடைசியாகக் கைவைத்த மெக்கானிக் எதைக் கழற்றினார்? ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "வண்டி இழுக்கலைங்க" என்று வருபவர் சொல்வது ஒரு வார்த்தை. அதற்குள் கிளட்ச் வழுக்கல், பிரேக் பிடித்தபடி நிற்பது, ஏர் ஃபில்டர் அடைப்பு, சைலன்ஸர் கரி, டயரில் காற்றுக் குறைவு என்று ஐந்து கோளாறுகள் ஒளிந்திருக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சட்டென்று நின்றால் பிரேக்கைப் பாருங்கள். ஓட்டும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்சைப் பாருங்கள். இரண்டு சோதனைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

2. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு மூன்றே கேள்வி: பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா? அதற்கும் முன்னால் சிவப்பு கில் ஸ்விட்ச், பெட்ரோல் குழாய், சைட் ஸ்டாண்ட் மூன்றையும் பாருங்கள். புது வண்டிகள் பலவற்றில் சைட் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் என்ஜின் எடுக்காது. இதற்காக மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறை வரை வருபவர்கள் உண்டு. சிரிக்காமல் ஸ்டாண்டை மடக்கிக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த முறை சர்வீஸுக்கு உங்களிடம்தான் வருவார்கள்.

3. பிளக்கைக் கழற்றினால் அது பாதிக் கதையைச் சொல்லிவிடும். பலமுறை கிக் அடித்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியில்தான் சந்தேகம். கறுப்புப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல். வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, என்ஜின் அதிகமாகச் சூடாகிறது. பால் விட்ட காப்பி நிறம் இருந்தால் எரிதல் சரி. ஸ்பார்க் பார்க்கும்போது பிளக்கின் உலோக உடம்பை என்ஜினில் நன்றாகத் தொட வைத்துப் பாருங்கள். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். உள்ளிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவியில் பொறி பட்டால் புருவம் மிஞ்சாது.

4. டிவிஎஸ் எக்ஸ்எல் வைத்திருக்கும் வீடுகளுக்கு: பழைய எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் ஆயில் கீழே தனியாக இருக்கிறது. பெட்ரோலில் கலக்கவே கூடாது. அப்பா காலத்துப் பழக்கத்தில் ரெண்டு மூடி ஊற்றிவிட்டு, பிளக் அடைக்கிறது, புகை வருகிறது என்று வண்டியைக் குறை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

5. பங்க் தூரமாக இருக்கும் ஊர்களில் பெட்ரோல் பாட்டிலில்தான் வரும். அப்படி வந்த பெட்ரோலில் சந்தேகம் என்றால் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தங்கினால் தண்ணீர். இப்போது விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் போய் உட்காரும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் இந்தத் தொல்லை அதிகம். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களும் எத்தனாலில் சீக்கிரம் கெடும். சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் குழாயை மடக்கிப் பாருங்கள்; வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். சூடான என்ஜின் மேல் சொட்டும் பெட்ரோலுக்கு நேரம் காலம் கிடையாது.

6. இனி பிரேக். மலைச் சாலை ஊர்களில் பாதிப் பட்டறை வேலை இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து பாலாற்றுக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் கார்க்காரர் ஒருவராவது வாரக் கடைசியில் தட்டுப்படுவார். கருகிய வாடை, பிறகு பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது, பிறகு பயம். நடப்பது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய அதே ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். தொடர்ந்து மிதித்தால் சூடு அதைத் தாண்டிவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டியது: எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து இறங்காதீர்கள். காரில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகும். வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஆற விடுங்கள். சூட்டைத் தணிக்கிறேன் என்று டிஸ்க்கிலோ டிரம்மிலோ தண்ணீர் ஊற்றாதீர்கள். நெளியும், சில சமயம் விரிசல் விடும்.

மெக்கானிக்குச் சொல்ல வேண்டியது: இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். திறந்து பல மாதம் ஆன டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை அங்கே ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டரில் தொடங்கி வரிசையாக எல்லாம் மாற்ற வேண்டும். பெடல் பஞ்சாக இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்ததும் கெட்டியானால் லைனில் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் சீல். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் வீணாக வீல் சிலிண்டர் வாங்க மேட்டூர் போக வேண்டியதில்லை. காற்று எடுக்கும்போது பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு அந்தந்த மானுவலில் சொன்ன வரிசைதான் சட்டம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும்; சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதித் தூசியைத் தட்டும் பழக்கம் பல பட்டறைகளிலும் இருக்கிறது. பழைய ஷூக்களில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள்.

7. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். ஆறிய பிறகு துணி போட்டுத் திறங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் வீட்டுக் கெட்டில் போல உள்ளே உப்புப் படியும், கூலண்ட்தான் சரி. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் நிறமாக இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. மலையேறி வந்த டர்போ டீசல் வண்டியை நிறுத்தியதும் அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விடுங்கள்.

8. புகை நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. ஓடிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது. டீசலில் அது எரியாத டீசலாகவும் இருக்கலாம்.

9. பைக்குக்குக் கார் ஆயில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே முங்கி ஓடுகின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு "கெட்டியா இருந்தா நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது நல்லதல்ல.

10. பழைய ஆயிலை என்ன செய்வது? சொறி பிடித்த நாய்க்குத் தடவுகிறார்கள், மாட்டுப் புண்ணுக்குத் தடவுகிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். என்ஜினில் ஓடிய ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் தரும் பொருள்களும் உண்டு. நாய் நக்கினால் நேரே வயிற்றுக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் கடைசியில் சேரும் இடம் காவிரி. டப்பாவில் சேர்த்து வைத்து, மறுசுத்திகரிப்புக்கு எடுக்கும் ஆளிடம் கொடுங்கள்.

11. மரை. புதிதாக வரும் பையன்கள் கெடுக்கும் முதல் சாமான் இதுதான். போல்ட்டைக் கையால் முதலில் இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றினால் மரை நேராகப் பிடிக்கும். நாலு சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். போகாவிட்டால் வெளியே எடுங்கள். ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினிய மரை உரிந்துவிடும். ஆயில் டிரெயின் போல்ட்டில் முழு பலத்தையும் காட்டாதீர்கள். வாசர் நன்றாக இருந்தால் அளவான இறுக்கமே போதும். எவ்வளவு இறுக்கம் என்று மானுவலில் நியூட்டன் மீட்டர் கணக்கில் போட்டிருக்கும். டார்க் ரென்ச் இருந்தால் கைக்கு மெல்ல மெல்ல அந்த அளவு பிடிபடும். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள், வட்டமாகப் போகாதீர்கள். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. பலம் போடுவதற்கு முன் நட்டின் திசையைப் பாருங்கள்.

12. கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் அந்தக் கவரின் உருவத்தை வரைந்து, எந்த இடத்தில் கழற்றினீர்களோ அதே இடத்தில் ஓட்டை போட்டுப் போல்ட்டைக் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில் இறுக்கினால் கிராங்க் கேஸே வெடிக்கும். வயர், குழாய், ஸ்பிரிங் எதையும் கழற்றும் முன் போனில் ஒரு படம்.

13. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் கனமான மரக்கட்டை வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை தராமல் பொடியாகும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

14. மாதேஸ்வரன் கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் தொங்கும் நுனியை வெட்டிவிட்டு முழுக்கைச் சட்டைக்குள்ளோ ரப்பர் பட்டைக்குள்ளோ அடக்குங்கள். ஃபேன் பெல்ட்டுக்குப் பக்தி தெரியாது. வெள்ளிக் காப்பு, மோதிரம், வாட்ச் மூன்றையும் கழற்றி வையுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் பட்டால் ஒரு நொடியில் பழுக்கும். ஓடும் செயினைத் துணி வைத்துத் துடைப்பது விரல் போகும் வேலை. செயின் தொய்வு பெரும்பாலான சாதாரண பைக்குகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர். செயின் லாக்கின் திறந்த வாய் செயின் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

15. கையில் பட்ட கிரீஸுக்குப் பெட்ரோல் போடாதீர்கள். தோல் வறண்டு வெடிக்கும். வெடித்த தோல் வழியாக ஆயில் உள்ளே போகும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்து, திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பிறகு சோப்புத் தூள்.

16. ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும். உங்கள் முதல் சம்பளத்தில் போன் கவருக்கு முன் இதை வாங்கலாம். நின்றிருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே போனால் காலி. செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ இணைப்போ சோர்ந்துவிட்டது. என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. இந்த நான்கு அளவும் தெரியாமல் பேட்டரி மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி வேண்டாம்.

17. காட்டோர ஊர்களில் எலக்ட்ரிக் கோளாறு என்றால் முதலில் எலியைத் தேடுங்கள். பானெட்டைத் திறந்து வயர் மேல் பல் தடம், ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு, புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரை மாட்டுவது அதற்குப் பிறகு.

18. ஸ்கேனர் என்றதும் இன்னொன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 வண்டிகள்தான் விற்பனை. கார்புரேட்டர் ஸ்குருவைத் திருகிக் காதால் டியூன் செய்த காலம் புது வண்டிகளுக்கு முடிந்துவிட்டது. கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை மாட்டினால் ஒரு குறியீடு வரும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்தக் குறியீடு கோளாறு தெரிகிற இடத்தைச் சொல்கிறது, குற்றவாளியைச் சொல்வதில்லை. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவார்கள். காரணம் விரிசல் விட்ட வேக்குவம் குழாயாகவோ, அடைத்த பெட்ரோல் ஃபில்டராகவோ, சோர்ந்த பம்ப்பாகவோ இருக்கலாம். சென்சார் உண்மையைச் சொன்னதற்காக அதைத் தூக்கிப் போட்ட கதைதான்.

இன்ஜெக்ஷன் பைக்கில் பெட்ரோல் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். அதை இறக்காமல் குழாயைப் பிடுங்காதீர்கள். ரிசர்வ் தீரத் தீர ஓட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். வாட்டர் வாஷ் துப்பாக்கியைக் கனெக்டர்கள் மேல் நேராகப் பிடிக்காதீர்கள். வண்டியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

19. புது டீசல் லாரிகளுக்கு யூரியாக் கரைசல் தனி டேங்கில் ஊற்ற வேண்டும். அது 32.5 சதவீத யூரியா, மிகச் சுத்தமான தண்ணீரில் கரைத்தது. வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றலாமே என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் உள்ள அழுக்கு கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். புதியது வாங்க லட்சக் கணக்கில் போகும்.

20. டிராக்டர் டீசல் தீர்ந்து நின்றால் லைனில் காற்றுப் புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்குருவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை விடுங்கள். அதற்கே ஸ்டார்ட் ஆகிவிடும். இன்ஜெக்ஷன் பம்ப்பைப் பட்டறையில் பிரிக்காதீர்கள். நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு டீசல் பம்ப் என்றாலே 1951-இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம்தான். ஆனால் அந்தப் பம்ப்பைச் சரிபார்க்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டும். தெரிந்த பம்ப் கடைக்கு அனுப்புவதே மரியாதை.

பழைய டீசல் என்ஜினில் ஓடும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாய் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும். ஊசி முனைக் கசிவு கூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே கை அழுகும். கசிவை விரலால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

21. வருஷக் கணக்கில் நின்ற வண்டி வந்தால் ஆசையில் செல்ஃப் அடிக்காதீர்கள். அப்படி நின்ற ஒரு வண்டியைச் சொல்கிறேன். கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்து, ஊராரோடு ஒட்டிப் பழகிய வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். அவர் ஓட்டிய ஜீப் பல காலம் துருவேறிக் கிடந்தது. வனத்துறை அதைச் சீர்செய்து நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறது. அந்தக் காலத்து ஜீப்பில் பெரும்பாலானவை நட்டும் போல்ட்டும்தான். பொறுமை இருந்தால் மீட்டுவிடலாம். வரிசை இதுதான்: பழைய எரிபொருளை வடித்து டேங்கைக் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் போடாதீர்கள், இன்னும் ஊற விடுங்கள். சுலபமாகச் சுற்றிய பிறகு என்ஜின் ஆயில், ரப்பர் குழாய்கள், பெல்ட், பிரேக் சீல் எல்லாம் புதியது. ஓடுவதற்கு முன் நிற்குமா என்று பாருங்கள்.

22. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. புது டயர் என்று விற்பவரிடம் இதைக் காட்டிக் கேளுங்கள். டியூப்லெஸ் டயரில் பக்கச் சுவரில் ஏற்பட்ட ஓட்டைக்குப் பங்க்சர் போடாதீர்கள்.

23. காட்டுச் சாலையில் வண்டி நின்றால், பகலானாலும், அங்கேயே கீழே படுத்து வேலை பார்க்காதீர்கள். கோபிநத்தத்தைச் சுற்றியிருப்பது யானை நடமாடும் காவிரி வனவிலங்குச் சரணாலயம். கட்டி இழுத்துச் சோதனைச் சாவடிக்கோ ஊருக்கோ கொண்டுவந்த பிறகு பார்க்கலாம். ரிப்பேர் முடித்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதும் இருட்டுவதற்குள் முடியட்டும்; லைசென்ஸும் ஹெல்மெட்டும் மெக்கானிக்குக்கும் உண்டு. ரோட்டுக்கு ஏறும் முன் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.

24. கழற்றிய பழைய சாமானை ஒரு கவரில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். வேலை தொடங்கும் முன் தொகையைச் சொல்லுங்கள்; கூடினால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் வாசலுக்கு கேஏ-10 வண்டியும் வரும், டிஎன்-29 வண்டியும் வரும். இரண்டு மாநிலத்துக்காரரும் ஏமாந்ததை மட்டும் மறக்க மாட்டார்கள். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பேரிங் இந்த மூன்றிலும் டூப்ளிகேட் வேண்டவே வேண்டாம். கண்ணாடி, கைப்பிடி உறைக்கு விலை மலிவானது போட்டால் யாரும் சாக மாட்டார்கள்.

25. சாமான் வாங்கும் வரிசை: 8, 10, 12, 14, 17, 19 ரிங் ஸ்பேனர்கள் முதலில். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் மூலையைத் தின்னும், அது இரண்டாவது. பிறகு பிளக் ஸ்பேனர், நல்ல இரண்டு திருப்புளி, ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர். நூற்றைம்பது சாமான் கொண்ட மலிவுப் பெட்டி வாங்காதீர்கள். அதில் பாதியை நீங்கள் தொடவே மாட்டீர்கள், மீதிப் பாதி வளையும்.

26. பட்டறையில் மேஸ்திரி சொல்லித் தருவது கைப்பழக்கம். அதோடு படிப்பும் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் ஐடிஐ-யில் சேரலாம். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருஷம். டீசல் மெக்கானிக், இரு சக்கர மூன்று சக்கர வாகன மெக்கானிக் பிரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு வருஷம். முடித்த பிறகு 1961-ஆம் வருஷச் சட்டப்படி உதவித்தொகையோடு அப்ரெண்டிஸ் பயிற்சி பெறலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம். மல்டிமீட்டருக்கு ஆண் பெண் தெரியாது, பேட்டரி வண்டிகள் பெருகப் பெருக அந்த வேலைதான் பெருகும். மானுவல்கள் ஆங்கிலத்தில் இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அதில் பாதி படம், மீதியில் பாதி எண்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரமே மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு ஐடிஐ-யில் போய் விசாரியுங்கள். வேறு மாநிலத்தில் சேர நினைத்தால் இருப்பிட விதியை முதலில் கேட்டுவிடுங்கள். இடங்கள் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும்.